மூன்றாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. வெயில் இன்னும் கடிக்கத் தொடங்கவில்லை. காலையில் சாந்தோமிலிருந்து கிளம்பி மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று நானும் அண்ணியும் ஒரு பகல் முழுக்கச் சுற்றினோம். கோயிலுக்குள் போகவில்லை. கடற்கரைக்குப் போகவில்லை. பார்த்தவை படிக்கட்டுகள், லிஃப்டுகள், நடைகூடங்கள், ஒரு மொட்டை மாடி. போகும் தூரம் மட்டும் பன்னிரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மேலும் கீழுமாக ஏறி இறங்கியது தனிக்கணக்கு, அதை எந்த வரைபடமும் காட்டாது.

இப்படி ஒரு பயணத்தை யாராவது திட்டமிடுவார்களா என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் வழி சொல்லும் வேலைக்கு முயல்கிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அவர்களில் ஒருவருக்கு இது உதவும் என்று எழுதுகிறேன்.

அண்ணியின் பெயர் ஷீலா. என் அண்ணனின் மனைவி, நான் அவருக்கு நாத்தனார். ஒன்பது வருடம் யுகேஜி டீச்சராக இருந்தார். பையன் பிறந்தபின் வேலையை விட்டார். ஆறு வருடமாக வீட்டு ஹாலில் டியூஷன். ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னார். "இந்த ஹால்லயே கெழவி ஆயிடுவேன் போல ரெஜி." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பாத்திரம் மட்டும் கொஞ்சம் சத்தமாக விழுந்தது.

அடையாற்றில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். அங்கே தொலைபேசி விசாரணைப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். கட்டடத்துக்குள் வழி தவறியவர்கள் அந்த எண்ணுக்குக் கூப்பிடுவார்கள். எடுக்கிறவர் குரலாலேயே அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நோயாளிகளில் பாதிப்பேர் கல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்கு வங்காளம் தெரியாது. நடுவில் ஆங்கிலம்.

அண்ணிக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் ஒன்பது வருடம் அபிநயப் பாட்டு நடத்தியவர். 'அப்' என்றால் இரண்டு கையும் மேலே போகும். 'டவுன்' என்றால் குனிந்துவிடுவார். ஜனவரியில் வேறொரு இடத்தில் இதே மாதிரி நேர்முகத்தேர்வு. கையில் போனைக் கொடுத்து, ஈசிஜி அறைக்கு வழி சொல்லச் சொன்னார்கள். அண்ணி போனைக் காதில் வைத்துக்கொண்டு, "கோ திஸ் சைடு, தென் தட் சைடு" என்று காற்றில் கையைக் காட்டியிருக்கிறார். எதிரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து இரவு சாப்பிடவில்லை.

அடையாற்றில் கேட்ட வயது முப்பத்தேழுக்குள். அண்ணிக்கு மார்ச்சில் முப்பத்தேழு முடிகிறது. இதுதான் கடைசி என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

எனவே திட்டம் இது. தேர்வு மாலை நான்கு மணிக்கு. அதுவரை வழியில் இருக்கும் கட்டடங்களில் பயிற்சி. ஒருவர் முதலில் உள்ளே போய் எங்காவது நிற்பார். மற்றவர் வாசலிலிருந்து போன் செய்வார். உள்ளே இருப்பவர் ஆங்கிலத்தில் மட்டும் வழி சொல்லித் தன்னிடம் வரவழைக்க வேண்டும். அண்ணியின் வலது கையில் போன். இடது கையில் குடை. கை வேறு வேலைக்குப் போகாமலிருக்கக் குடை என் யோசனை.

காலை ஒன்பதே காலுக்குக் கிளம்பினோம். சாந்தோமிலிருந்து லஸ் சுமார் இரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய். மெட்ரோ வேலைக்காக வைத்திருக்கும் தகர வேலிகளால் கடைசி முந்நூறு மீட்டர் நடை.

லஸ் பக்கம் ஒரு பழைய வணிக வளாகம். தரைமட்டத்தில் தூண்களும் அவற்றுக்கு நடுவே வண்டிகளும். மேலே நான்கு மாடி. பல் மருத்துவர், ஆடிட்டர், தையல் கடை, ஜாதகம். லிஃப்ட் உண்டு, ஓடவில்லை. பயிற்சிக்கு நல்லது.

முதல் சிக்கல் வாசலிலேயே வந்தது. தூண்களுக்கு நடுவே வண்டி நிற்கும் இந்த இடத்தை நாம் ஸ்டில்ட் என்கிறோம். வீட்டுத்தரகரிலிருந்து பால்காரர் வரை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். டாக்காவிலிருந்து வருகிறவருக்குப் புரியுமா? நான் சந்தேகப்பட்டேன். அண்ணி கொஞ்சம் யோசித்து, "த கார் பார்க் அட் ஸ்ட்ரீட் லெவல்" என்றார். தெரு மட்டத்தில் இருக்கும் வண்டி நிறுத்தம். நீளம்தான். ஆனால் யாருக்கும் புரியும். மொட்டை மாடிப் படிக்கட்டுக்கு மேல் இருக்கும் சின்ன அறையை ஹெட் ரூம் என்கிறோம். அதுவும் நம் ஊருக்குள் மட்டுமே செல்லும் நாணயம். "த ஸ்மால் ரூம் ஆன் த ரூஃப், அட் த டாப் ஆஃப் த ஸ்டேர்ஸ்" என்று மாற்றிக்கொண்டோம்.

பிறகு அண்ணி மேலே போனார். ஐந்து நிமிடம் கழித்து நான் கூப்பிட்டேன்.

"கம் அப் த ஸ்டேர்ஸ்," என்றார். குரல் டீச்சர் குரல். "ஹாஃப்வே அப், தேர் இஸ் எ லேண்டிங். யூ வில் சீ அவர் லேடி. டர்ன் ரைட் தேர், அண்ட் கோ டு த எண்ட் ஆஃப் த காரிடார்."

பாதிப் படி ஏறினால் திரும்பும் இடம், அதுதான் லேண்டிங். அங்கே மாதா. சரி. ஏறினேன். மாதா இருந்தார். சுவர் மூலையில் பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா என்று மூன்று டைல்ஸ். வெற்றிலை எச்சில் துப்பாமலிருக்க ஒட்டுவார்களே, அவை. வலப்பக்கம் திரும்பி, மிச்சப் படியேறி, நடைகூடத்தின் முனைக்குப் போனேன். தையல் கடை. அண்ணி இல்லை.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

"மாதாகிட்ட திரும்பினியா?"

"திரும்பினேன். இங்க ஜாக்கெட் தைக்கறாங்க."

"இங்க ஆடிட்டர் போர்டு."

அவர் மூன்றாம் மாடியில் இருந்தார். நான் முதல் மாடியில். ஒவ்வொரு லேண்டிங்கிலும் அதே மூன்று டைல்ஸ். ஏறும்போது அண்ணியின் கண்ணில் பட்டது கடைசி மாதா மட்டும்.

"எல்லா மாடியிலயும் மாதா இருக்காங்க அண்ணி."

"இருப்பாங்க. அவங்க வேலை அது. நான்தான் எந்த மாடி மாதான்னு சொல்லல."

திரும்பச் செய்தோம். "ஆன் த தேர்ட் ஃப்ளோர்" என்று முதலில். எண் முதலில், அடையாளம் பிறகு. "டூ ஃப்ளோர்ஸ் அபவ் யூ" என்பது இன்னும் நல்லது. உனக்கு மேலே இரண்டு மாடி. கேட்கிறவர் எந்த எண்ணையும் தேட வேண்டாம், தன் காலிலிருந்து எண்ணிக்கொள்ளலாம்.

மூன்றாவது முறை நான் இறங்கி வரும்போது காவலாளி பிடித்துக்கொண்டார். காக்கிச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர். பிப்ரவரி அவருக்குக் குளிர்காலம்.

"இன்னாமா, ஒருத்தர் ஏறிக்கினு கீறீங்க, ஒருத்தர் எறங்கிக்கினு கீறீங்க. இன்னா வோணும்? பல் டாக்டரா?"

அதற்குள் அண்ணியும் வந்துவிட்டார். "இங்கிலீஷ் கிளாஸ்ணா," என்றார்.

"அது நாலாவது மாடில இருந்துச்சு. பூட்டி ஆறு மாசம் ஆவுது." எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். "அட்வான்ஸ் எதுனா குடுத்துட்டீங்களா?"

இல்லை என்றோம். நிம்மதியடைந்தார். மொட்டை மாடி திறந்துதான் இருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பாருங்கள் என்றும் சொன்னார். போனோம். தண்ணீர்த் தொட்டி, துவைத்த டாக்டர் கோட் இரண்டு, தூரத்தில் கோபுரம். மேலிருந்து பார்த்தால் மயிலாப்பூர் முழுவதும் மொட்டை மாடிகள்தான். ஒன்றைச் சொல்ல இன்னொன்று தேவைப்படும். அதன் இடப்பக்கம், இதன் பின்னால். தனியாக எதற்கும் இடம் இல்லை.

பத்தே முக்காலுக்கு தி.நகர் பேருந்து. முகப்பில் இளஞ்சிவப்பு பூசிய பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், போக்குவரத்தில் முப்பத்தைந்து நிமிடம். அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து, கடந்து போகும் கட்டடங்களைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "டாப் ஃப்ளோர். த ஃப்ளோர் பிலோ தட். டைரெக்ட்லி அபவ் த பேக்கரி." உச்சி மாடி. அதற்கு அடுத்த கீழ் மாடி. பேக்கரிக்கு நேர்மேலே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை. ஆறு மாடி. பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடைகளில் சும்மா நிற்க முடியாது. நின்றால் ஸ்டூல் வரும். உட்கார்ந்தால் புடவை விரியும். விரிந்த புடவையை விட்டு எழுந்து போக ஒரு மன உறுதி வேண்டும். அது அண்ணியிடம் இல்லை.

லிஃப்டில் மாடிகளுக்கு எண் சொல்கிறவர் யாரும் இல்லை. லிஃப்ட்காரர் சரக்கைத்தான் கேட்டார்.

"பட்டா, சுடிதாரா, ரெடிமேடா?"

"ஃபோர்த் ஃப்ளோர்ணா," என்றார் அண்ணி.

"அதான், பட்டா, வேட்டியா?"

நான்கில் இரண்டும் இருந்தன. அண்ணி மேலே போனார். நான் கீழே, பைகளை வாங்கி டோக்கன் தரும் இடத்தில், காத்திருந்தேன். பதினொன்றரை. கூட்டம் இன்னும் சேரவில்லை.

போனில் வழி சுத்தமாக வந்தது. "கம் டு த ஃபோர்த் ஃப்ளோர். ஆஸ் யூ கம் அவுட் ஆஃப் த லிஃப்ட், டர்ன் லெஃப்ட். ஐ யம் அட் த ஃபார் எண்ட்." லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் இடப்பக்கம், கடைசிக் கோடியில். எண் முதலில் வந்துவிட்டது. நான் மனத்துக்குள் மதிப்பெண் போட்டுக்கொண்டே ஏறினேன். இடப்பக்கம் திரும்பினேன். கோடி வரை நடந்தேன்.

"அண்ணி, என் முன்னாடி நாலு பொம்மை வேட்டி கட்டிக்கிட்டு நிக்குது."

"வெளையாடாத. இங்க எனக்கு முன்னாடி மாம்பழக் கலர்ல காஞ்சிபுரம்."

அவருக்குப் பின்னால் ஒரு ஆண்குரல் கேட்டது. விற்பனையாளர். நெல்லைப் பக்கம். "எக்கா, பார்டரப் பாருங்க. போன்ல பொறவு பேசலாம்லா."

கீழே போய் மறுபடி ஏறினேன். மறுபடி இடப்பக்கம். மறுபடி வேட்டி. அதே நான்கு பொம்மைகள். இம்முறை எனக்கு அவை தெரிந்தவர்களாகத் தோன்றின.

போனில் விற்பனையாளரின் குரல் இன்னும் நெருங்கியிருந்தது. "எக்கா, ரெண்டு வேரும் ஒரே மாடியிலதான நிக்கிய? இதுக்குப் போயி செல்லு எதுக்கு? ஒரு சத்தம் குடுங்க, வந்துருவாவ."

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். ஜனவரியில் சிரித்தவர்கள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அண்ணி ஆங்கிலத்தை விட்டுவிட்டார்.

"விடு ரெஜி. எனக்கு இது வராது. சரியாத்தான் சொல்றேன், நீ தப்பாத்தான் போற. அவங்களும் அப்படித்தான் போவாங்க. வீட்டுக்குப் போயிடலாம்."

இருவரும் சரி. இருவரும் ஒரே மாடி. நடுவில் ஐம்பது அடி.

பிறகு அண்ணியின் குரல் மாறியது. தாழ்ந்து, மெதுவாக. இதுவரை அவர் என்னிடம் பேசாத குரல்.

"ரெஜி. வாட் கேன் யூ சீ?"

"வேட்டி."

"வேட்டி வேணாம். சுவத்துல?"

"சிவப்பு பக்கெட் மூணு. மணல் பக்கெட்."

"இப்ப லிஃப்ட் பக்கம் திரும்பு. எத்தன கதவு தெரியுது?"

திரும்பினேன். அப்போதுதான் பார்த்தேன். எதிரெதிரே இரண்டு லிஃப்ட். அண்ணி லிஃப்ட்காரர் ஓட்டும் லிஃப்டில் வந்தார். நான் இரண்டு முறையும் எதிர்ப்பக்கத் தானியங்கி லிஃப்டில் வந்தேன். அவருடைய இடப்பக்கம் என்னுடைய வலப்பக்கம்.

"வாக் பாஸ்ட் போத் லிஃப்ட்ஸ்," என்றார். "கீப் கோயிங் ஸ்ட்ரெயிட். ஸ்டாப் வென் யூ சீ எ ஃபூலிஷ் உமன் அண்டர் எ மேங்கோ சாரி."

இரண்டு லிஃப்டையும் கடந்து நேராக நடந்தேன். மடி நிறைய மாம்பழ நிறப் புடவையுடன் அண்ணி உட்கார்ந்திருந்தார். குடை காலடியில்.

புடவையிலிருந்து அவரை மீட்க இன்னும் பத்து நிமிடம் ஆனது. "நாளைக்கு வீட்டுக்காரரோட வரேண்ணா," என்றார். "எல்லாரும் இதத்தான் சொல்லுதாவ," என்றார் விற்பனையாளர், மடித்துக்கொண்டே.

மதியம் பாண்டி பஜார் அருகே ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். சாப்பாடு நூற்று முப்பது ரூபாய். வத்தக்குழம்பு நன்று, கூட்டு சுமார். உட்கார்ந்தது மெஸ்ஸின் அரைமாடியில். தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே தாழ்ந்த கூரையுடன் ஒரு தளம். ஆங்கிலத்தில் மெசனின். எழுந்தால் மின்விசிறி தலையில் இடிக்கும் என்று எழுதி ஒட்டியிருந்தது.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அண்ணியிடம் கேட்டேன்.

"ஸ்கூல் டூர்ல ஒரு தடவை ஒரு பொண்ணு காணாமப் போயிட்டா. யாரோ ஒருத்தர் அவகிட்ட செல்லக் குடுத்து எனக்குப் போன் போட்டாரு. நான் 'எங்கம்மா இருக்க, எங்க இருக்க'ன்னு கத்துறேன். அது ஓன்னு அழுவுது. எங்க இருக்கோம்னு தெரிஞ்சா அது ஏன் காணாமப் போவுது?" அப்பளத்தை உடைத்தார். "அப்புறம் 'உனக்கு என்ன தெரியுது'ன்னு கேட்டேன். யானைன்னா. யானை மாதிரி ஒரு சறுக்குமரம். போய்த் தூக்கிட்டு வந்தேன்."

காலையிலிருந்து நாங்கள் செய்தது, சேர வேண்டிய இடத்தைச் சொல்வது. புறப்படும் இடத்தை யாரும் கேட்கவில்லை. எனக்குப் படித்த நினைவு இருக்கும் தத்துவப் புத்தகங்களிலும் இது இப்படித்தான் நடக்கும்.

சாப்பிட்டபின் ஒரு பயிற்சி மட்டும். அருகிலிருந்த பல அடுக்கு வண்டி நிறுத்தத்தில். அங்கே மாடியை லெவல் என்கிறார்கள். இம்முறை நான் தொலைந்தேன், அண்ணி கேள்வி கேட்டார். நான்கு கேள்வி. சாய்தளம் மேலே போகிறதா கீழே வருகிறதா என்பது மூன்றாவது. நான்காவதில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

இரண்டே காலுக்கு ஆட்டோ. அடையாறு ஆறு கிலோமீட்டர், நந்தனம் வழி. ஓட்டுநர் இருநூறு கேட்டு நூற்றெண்பதுக்கு இறங்கினார். மருத்துவமனையின் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"அதுக்கா? உள்ள போறது ஈசிக்கா. போன மாசம் எம்மச்சானப் பாக்கப் போறேன். மூணாவது மாடின்னாங்க. போனா கொழந்த பொறக்கற எடம். ஆர்லிக்ஸ் பாட்டிலோட நிக்கறேன். எம்மச்சானுக்கு இன்னாக்கா கொழந்த? அவனுக்கு ஹெர்னியா."

அண்ணி முன்னால் குனிந்தார். "அப்புறம் எப்படிப் போனீங்க?"

"போவலியே. அங்க ஒரு பாப்பா பொறந்துச்சு. அவங்க சாக்லேட் குடுத்தாங்க. ஆர்லிக்ஸ அவங்களாண்ட குடுத்துட்டு வந்துட்டேன்."

அண்ணி சிரிக்கவில்லை. "மூணாவது மாடி ரெண்டு இருக்குடி," என்றார் என்னிடம்.

இருந்தது. பழைய கட்டடம் ஒன்று, புதியது ஒன்று. தேர்வுக்கு வந்தவர்களுக்கு மூன்று மணியிலிருந்து ஒரு மணி நேரம் சுற்றிப் பார்க்க அனுமதி. ஏழு பேர் வந்திருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் இருபத்து சொச்சம். துணைக்கு வந்த என்னையும் காவலர் தடுக்கவில்லை. பார்வையாளர் அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டார்.

பழைய கட்டடத்தில் கூரைகள் உயரம். மொசைக் தரை, மங்கிய பச்சைக் கைப்பிடி. புதியதில் கூரை தாழ்வு, தரை வழவழப்பு, எங்கும் வெள்ளை. இரண்டையும் ஒரு கண்ணாடிப் பாலம் இணைக்கிறது. பழையதின் இரண்டாம் மாடியில் பாலத்துக்குள் நுழைந்தோம். கீழே வேப்ப மரம் ஒன்றின் உச்சி. மறுபக்கம் வெளியே வந்தால் சுவரில் பெரிதாக 3.

நடந்தோம். ஏறவில்லை. இரண்டு மூன்றாகிவிட்டது.

அண்ணி திரும்பிப் போய் இன்னொரு முறை வந்தார். பழையதின் இரண்டு கூரை உயரமும் புதியதின் மூன்று கூரை உயரமும் ஒன்று. கட்டியவர்களுக்கு அது ஒரு கணக்கு. பாலத்தின் நடுவில் ஒரு முதியவர் சக்கர நாற்காலியில் மனைவியை நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வங்காளம் கலந்த இந்தியில் ஏதோ கேட்க, அண்ணி ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி, கடைசியில் கூடவே நடந்துபோய் விட்டுவிட்டு வந்தார். "போன்ல இது முடியாதே," என்றார் திரும்பி வந்ததும். முகம் வெளுத்திருந்தது.

நான்கு மணி. அண்ணியின் முறை ஐந்தாவது. கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு மேசை, ஒரு போன், எதிரில் நரைமுடி அதிகாரி ஒருவர், பெண்மணி. நான் வெளியே. எதுவும் கேட்காது. உதடு மட்டும் தெரியும்.

போன் அடித்தது. அண்ணி எடுத்தார். ஏதோ சொன்னார். கேட்டார். மறுபடி சொன்னார். இடது கை மேசைக்கு மேல் எழுந்தது. ஜனவரிதான் மறுபடியும் என்று நினைத்தேன். கை எழுந்து, போன் வயரைப் பிடித்துக்கொண்டது. அண்ணி புருவத்தைச் சுருக்கினார். பிறகு திடீரென்று குனிந்து மேசைக்கு அடியில் தன் காலையே பார்த்தார்.

எனக்குப் புரியவில்லை. ஏதாவது விழுந்துவிட்டதா? மயக்கமா? அதிகாரியும் எட்டிப் பார்த்தார்.

அண்ணி நிமிர்ந்தார். வேகமாக ஏதோ பேசினார். வைத்தார். அறைக்குள் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று நிமிடம் போனது. நான்காவதில் மேசைப் போன் அடித்தது. அதிகாரி எடுத்து, கேட்டு, தலையசைத்து வைத்தார்.

என்ன நடந்தது என்பதை அண்ணி எதிர்க்கடையில் ரோஸ்மில்க் குடித்தபடி சொன்னார். நாற்பது ரூபாய். அவர் இரண்டு குடித்தார்.

கூப்பிட்டது மருத்துவமனை ஊழியர் ஒருவர், புதிதாக வந்தவர் மாதிரி நடித்தார். 312-க்குப் போக வேண்டும், மூன்றாம் மாடியில்தான் நிற்கிறேன், 312 இல்லை என்றார். அண்ணி வாட் கேன் யூ சீ என்று கேட்டார். "நத்திங். எ வால்," என்றார் அவர். சுவர். சுவரில் என்ன? ஒன்றுமில்லை. பக்கத்தில்? யாருமில்லை. எதையும் சொல்லக் கூடாது என்று அந்த ஊழியருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"அப்ப என்ன கேக்கறதுன்னே தெரியல. சுவரும் இல்ல, ஆளும் இல்ல. அந்த ஆளுக்கு நிக்கறதுக்குக் காலாவது இருக்கணுமில்ல? லுக் டவுன், ப்ளீஸ்னேன். வாட் இஸ் அண்டர் யுவர் ஷூஸ்? நானும் குனிஞ்சு பாத்துட்டேன், பழக்கம்."

ஊழியர் கொஞ்சம் தயங்கி, "டாட்ஸ்," என்றாராம். "ப்ளாக் அண்ட் ஒயிட் டாட்ஸ்." கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள்.

மொசைக். பழைய கட்டடம். 312 புதியதில்.

"கோ டவுன் ஒன் ஃப்ளோர். கிராஸ் த க்ளாஸ் ப்ரிட்ஜ். வென் யூ கம் அவுட், யூ வில் பி ஆன் த தேர்ட் ஃப்ளோர்." ஒரு மாடி இறங்குங்கள், கண்ணாடிப் பாலத்தைக் கடங்கள், வெளியே வந்தால் மூன்றாம் மாடியில் இருப்பீர்கள்.

"மூணாவது மாடியிலருந்து மூணாவது மாடிக்குப் போறதுக்கு எதுக்கு எறங்கணும்னு கேட்டான் அந்த ஆளு, எம்மேல சந்தேகத்தோட. ட்ரஸ்ட் மீ சார்னேன். வேற என்ன சொல்றது?"

நான்கு நிமிடத்தில் வந்த போன் 312-லிருந்து.

அதிகாரி எதுவும் பாராட்டவில்லையாம். ஒரு கேள்விதான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்கு வர முடியுமா? சர்ச்சில் ஏழு மணிப் பூசை முடித்துவிட்டு ஒன்பதுக்கு வருகிறேன் என்றார் அண்ணி. ஒன்பது ஓகே, என்றார் அவர். திங்கள் முதல் ஒரு மாதம் பயிற்சி, பிறகு நிரந்தரம். காகிதம் அன்றே கையெழுத்தானது. வயது கேட்கும் இடத்தில் முப்பத்தாறு என்று எழுதினார். அதுவும் உண்மைதான், இன்னும் பதினெட்டு நாளைக்கு.

திரும்பும்போது கடற்கரைக் காற்று தொடங்கியிருந்தது. பேருந்தில் அண்ணி தூங்கிவிட்டார். தலை என் தோளில். அவரது கனம் எனக்குப் பிடித்திருந்தது. ஓர் இடத்தைச் சொல்ல எவ்வளவோ வார்த்தைகள் அன்று கற்றோம். மேலே, நேர்மேலே, எதிரே, கோடியில், திரும்பியதும். எல்லாமே ஒருவர் இன்னொருவருக்காக நிற்கும் இடத்திலிருந்து தொடங்குகிறவை. அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. அதற்குமேல் யோசிக்கவில்லை. சாந்தோம் வந்துவிட்டது.

போக நினைப்பவர்களுக்குச் சில. வாரநாளில் போங்கள், ஜவுளிக்கடைகளில் பன்னிரண்டு மணிக்குமேல் லிஃப்டுக்கே வரிசை நிற்கும். கழிப்பறை பெரும்பாலும் உச்சி மாடியில் இருக்கும், முன்னதாக யோசித்து ஏறுங்கள். மயிலாப்பூர் வளாகங்களில் காவலாளியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. செருப்பு வசதியானதாக இருக்கட்டும். போனில் சார்ஜ் வேண்டும், எங்களுக்கு நண்பகலுக்குள் பாதி தீர்ந்துவிட்டது. இருவருக்கும் சேர்த்து அன்றைய செலவு எழுநூறு ரூபாயைத் தாண்டவில்லை, புடவை வாங்காததால்.

அடையாற்றில் அந்த மருத்துவமனைக்கு யாரையாவது பார்க்கப் போய் வழி தவறினால் அதிகம் சுற்ற வேண்டாம். பார்வையாளர் அட்டையின் பின்பக்கம் ஓர் எண் இருக்கும், கூப்பிடுங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று உங்களைக் கேட்க மாட்டார்கள். காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்பது மணிக்கு மேல்.